ஐரிஸ்: பெயரின் பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு ஐரிஸ் என்று பெயர் வைத்தபோது தொட்டிலைச் சுற்றி நின்ற உறவினர்கள் கேட்ட கேள்விகள், பிறகு பள்ளிச் சேர்க்கையில் கேட்ட கேள்விகள், இதே பெயரைத் தங்கள் குழந்தைக்கு வைக்கலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பெயர் வைத்த பிறகுதான் இதைப் பற்றி ஆழமாகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நல்ல பெயரைத்தான் வைத்திருக்கிறோம் என்ற நிறைவு கூடிக்கொண்டே போகிறது.

ஐரிஸ் என்றால் என்ன பொருள்?

வானவில். பழைய கிரேக்க மொழியில் வானவில்லுக்கும் ஐரிஸ் என்றுதான் பெயர், அந்த வானவில்லுக்குரிய பெண் தெய்வத்துக்கும் அதே பெயர்தான். தேவர்களின் தூதுப்பெண் அவள்.

ஐரிஸா, ஈரிஸா? எப்படி உச்சரிப்பது?

பழைய கிரேக்கர்கள் 'ஈரிஸ்' என்று, முதல் எழுத்தை நீட்டிச் சொன்னார்கள். ஸ்பானியர்களும் இத்தாலியர்களும் இன்றும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார்கள். 'ஐரிஸ்' ஆங்கிலம் வழியாக வந்த உச்சரிப்பு. இன்றைய கிரேக்கத்தில் பெண்களுக்கு வைக்கும்போது 'ஈரிதா' என்ற வடிவமும் உண்டு. கடைசி எழுத்தை விரும்பாதவர்கள் 'ஐரிசு' என்று எழுதலாம். எங்கள் வீட்டில் பாட்டி அப்படித்தான் கூப்பிடுகிறார், கேட்க நன்றாகவே இருக்கிறது.

அந்தப் பெண் தெய்வத்தின் அப்பா அம்மா யார்?

கி.மு. 700 வாக்கில் வாழ்ந்த ஹெசியட் என்ற கவிஞர் தேவர்களின் பிறப்பு வரிசையைப் பாடியிருக்கிறார். அதன்படி அப்பா தௌமாஸ், கடலுக்கும் நிலத்துக்கும் பிறந்தவன். அம்மா எலெக்ட்ரா, உலகைச் சுற்றி ஓடும் ஓஷியானஸ் என்ற பெருநீரின் மகள். (ட்ராய் போரில் கிரேக்கர்களுக்குத் தலைவனான அகமெம்னானின் மகள் எலெக்ட்ரா வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.) புயற்காற்றின் வேகத்தில் பறந்து பிடுங்கிச் செல்லும் ஹார்பிகள் ஐரிஸின் சகோதரிகள். கடலும் நீரும் சேர்ந்த குடும்பத்தில் ஒரு பக்கம் சூறைக்காற்று, இன்னொரு பக்கம் வானவில். மழைநாளில் வானத்தைப் பார்த்தவர்கள் உண்டாக்கிய குடும்பம் இது.

தௌமாஸ் என்ற பெயரில் 'வியப்பு' என்ற பொருள் ஒலிக்கிறது. கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோவின் ஓர் உரையாடலில் சாக்ரடீஸ் இதைப் பிடித்துக்கொள்கிறார். வியப்பில்தான் தத்துவம் தொடங்குகிறது, அதனால் ஐரிஸை வியப்பின் மகள் என்று சொன்னவர் வம்சாவளியைத் தப்பாகச் சொல்லவில்லை என்கிறார். இந்தப் பெயரைப் பற்றி நான் படித்தவற்றில் மனதுக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது?

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று பழங்காலத்தவர் சொன்னது, மற்றது இன்றைய மொழியியலாளர் சொல்வது.

பழைய விளக்கம் பிளேட்டோவின் இன்னோர் உரையாடலில் வருகிறது. 'பேசு, சொல்' என்ற பொருள் தரும் கிரேக்க வினைச்சொல் ஒன்று 'ஈரிஸ்' என்பதற்கு ஒலியில் நெருக்கமாக இருக்கிறது. செய்தி சொல்பவள் என்பதால் அந்தப் பெயர் என்றார்கள். சொற்பிறப்பியல் முறைப்படி இது நிற்காது. ஆனால் கிரேக்கர்கள் தங்கள் தெய்வத்தின் பெயரைக் கேட்டபோது அவர்கள் காதில் என்ன ஒலித்தது என்பதை இது காட்டுகிறது.

இன்றைய விளக்கத்துக்கு ஒரு மறைந்த எழுத்தைத் தேடிப் போக வேண்டும். மிகப் பழைய கிரேக்கத்தில் 'வ' போன்ற ஓர் ஒலி இருந்தது, காலப்போக்கில் பல வட்டாரங்களில் அது உதிர்ந்துவிட்டது. பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் பாடல்களில் சில இடங்களில், ஐரிஸ் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மெய்யெழுத்து இருந்தால்தான் யாப்பு சரியாக வரும். அதனால் ஆதியில் இது 'விரிஸ்' என்று இருந்திருக்க வேண்டும். அப்படி வைத்துக்கொண்டால், வளை, முறுக்கு என்ற பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேரோடு இது சேர்கிறது. கம்பியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'வயர்' அதே வேரில் பிறந்ததுதான். அப்போது ஐரிஸ் என்றால் 'வளைந்தது'. இந்த வேரை ஏற்காமல், கிரேக்கர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்களின் சொல்லாக இருக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு 'வளைந்தது' என்பதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

உடனே தமிழ் 'வில்', 'வளை' நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒலி ஒத்துப்போவது வேறு, சொல்லுறவு வேறு. இவற்றுக்கிடையே உறவு காட்ட எந்தச் சான்றும் இல்லை, தயவுசெய்து அப்படிப் பரப்ப வேண்டாம்.

தூது சொல்வது மட்டும்தான் அவள் வேலையா?

ஹோமரின் இலியட்டில் பெரும்பாலும் அதுதான். 'காற்றுக்கால் கொண்டவள்', 'பொன் சிறகினள்' என்றெல்லாம் ஹோமர் அவளை அழைக்கிறார். தேவர்களின் அரசன் ஜீயஸ் ஒரு சேதி சொன்னால் அதைச் சொல்லுக்குச் சொல் மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். இலியட் வாயால் பாடப்பட்ட காவியம் என்பதை நினைத்தால், மறக்காமல் திரும்பச் சொல்லும் இந்தத் திறமை பாடகர்கள் எவ்வளவு மதித்த ஒன்று என்பது புரியும்.

ஆனால் அவள் வெறும் அஞ்சல்காரி கிடையாது. போரில் காயம்பட்ட அழகு தெய்வம் அஃப்ரோடைட்டியைக் கையைப் பிடித்துக் களத்திலிருந்து கூட்டிப்போகிறாள். தறியில் நெய்துகொண்டிருக்கும் ஹெலனிடம் நாத்தனாரின் உருவத்தில் போய், உனக்காக இரண்டு பேர் சண்டையிடப் போகிறார்கள், வந்து பார் என்று அழைக்கிறாள். மகனைப் பறிகொடுத்து மண்ணில் புரண்டு அழுத ட்ராயின் கிழட்டு அரசர் பிரையமிடம் போகும்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். பயப்படாதே, கெட்ட சேதியோடு வரவில்லை, உன் நன்மையை நினைத்தே வந்திருக்கிறேன் என்பதுதான் அவளுடைய முதல் பேச்சு.

என்னை மிகவும் கவர்ந்தது 15-ஆம் பாடலில் வரும் காட்சி. ட்ராய் போரில் கடல் தெய்வமான பொசைடன் கிரேக்கர்களுக்கு உதவிக்கொண்டிருக்கிறான். உடனே நிறுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பு என்று ஜீயஸ் ஐரிஸிடம் சொல்லி அனுப்புகிறான். பொசைடனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நாங்கள் மூன்று பேர் உடன்பிறந்தவர்கள், உலகைச் சீட்டுப் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொண்டோம், அவன் யார் எனக்கு உத்தரவு போட என்று கத்துகிறான். சாதாரணத் தூதர் என்றால் இதை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருப்பார், அண்ணன் தம்பிக்குள் பெரிய சண்டை மூண்டிருக்கும். ஐரிஸ் நின்று கேட்கிறாள்: இந்தக் கடுமையான பதிலைத்தான் நான் கொண்டுபோக வேண்டுமா, அல்லது கொஞ்சம் மாற்றிக்கொள்வாயா? நல்லவர்களின் மனம் வளையக்கூடியது. பெரியவன் பக்கம்தான் எப்போதும் தர்மதேவதைகள் நிற்பார்கள், உனக்கே தெரியும்.

பொசைடன் தணிந்துவிடுகிறான். சேதி கொண்டுவருபவருக்கு எது தகுந்தது என்று தெரிந்திருப்பது எவ்வளவு நல்லது என்று அவளையே பாராட்டுகிறான்.

இங்கே 'வளையக்கூடியது' என்று அவள் சொல்வதைக் கவனியுங்கள். பழைய விளக்கத்தில் அவள் 'சொல்பவள்', புதிய விளக்கத்தில் 'வளைந்தது'. இந்தக் காட்சியில் சொல்லால் ஒரு மனத்தை வளைக்கிறாள். ஹோமர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை, கிரேக்கத்தில் இங்கே வருவது வேறொரு சொல். ஆனால் என் மகளின் பெயருக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டால், வானவில் என்று சொன்ன கையோடு இந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

தேவதூதன் ஹெர்மஸ் இல்லையா?

ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியில் ஹெர்மஸ்தான், ஐரிஸ் அதில் வருவதே இல்லை. இலியட்டில் தூது வேலை பெரும்பாலும் ஐரிஸுக்கு. பிற்காலத்தில் ஹெர்மஸ் ஜீயஸின் ஆளாகவும் ஐரிஸ் ஜீயஸின் மனைவி ஹேராவின் ஆளாகவும் பிரிந்துகொண்டார்கள்.

ஒடிஸியில் அவள் இல்லாவிட்டாலும் அவள் பெயரின் நிழல் இருக்கிறது. 18-ஆம் பாடலில் ஒரு பிச்சைக்காரன் வருகிறான், சொந்தப் பெயர் அர்னையஸ். யார் சொன்னாலும் சேதி கொண்டுபோவான் என்பதால் ஊர் இளைஞர்கள் அவனுக்கு 'ஈரோஸ்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஐரிஸின் ஆண்பால்! தெய்வத்தின் பெயர் தெருவில் பட்டப்பெயராகப் புழங்கும் அளவுக்கு மக்கள் அவளை அறிந்திருந்தார்கள்.

அவளே வானவில்லா, அல்லது வானவில்லில் நடந்து வருபவளா?

ஹோமர் இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரு பக்கம் தெய்வம், இன்னொரு பக்கம் வானவில், பெயர் மட்டும் ஒன்று. பிற்கால ரோமானியக் கவிஞர்கள்தான் இரண்டையும் பிணைத்தார்கள். வர்ஜிலின் காவியத்தில், சாக முடியாமல் துடிக்கும் ராணி டைடோவின் உயிரை விடுவிக்க ஹேராவின் ரோமானிய வடிவமான ஜூனோ ஐரிஸை அனுப்புகிறாள். எதிரே நிற்கும் சூரிய ஒளியில் ஆயிரம் நிறங்களை இழுத்தபடி, பனி ஈரச் சிறகோடு அவள் இறங்கி வந்து, டைடோவின் கூந்தலில் ஒரு கற்றையை அறுக்கிறாள். உடல் குளிர்கிறது, உயிர் காற்றில் கலக்கிறது.

ஹோமரின் வானவில் நாம் நினைப்பதுபோல் மங்களமானது இல்லை. போருக்கோ கடுங்குளிருக்கோ அறிகுறியாக ஜீயஸ் அதை வானத்தில் விரிக்கிறான். அகமெம்னானின் மார்புக் கவசத்தில் இருந்த பாம்புகளுக்கு வானவில்லை உவமை சொல்கிறார் ஹோமர். நம்மிடமோ வானவில்லுக்குத் 'திருவில்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. புறநானூற்றின் 20-ஆம் பாட்டு, சேரன் நாட்டு மக்கள் திருவில்லைத் தவிரக் கொலைவில்லை அறியாதவர்கள் என்று பாடுகிறது. அங்கே போரின் குறி, இங்கே போரில்லாத நாட்டின் குறி.

இன்றைய கிரேக்கர்கள் பேச்சில் வானவில்லை ஐரிஸ் என்று சொல்வதில்லை. 'ஊரானியோ தோக்ஸோ' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'வான வில்'. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஏதாவது கெட்ட கதை உண்டா? பெயர் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

உண்டு, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வர்ஜிலின் காவியத்தில் ஜூனோ சொல்லி, கிழவி வேடத்தில் போய் ட்ராய் பெண்களைத் தூண்டிவிட்டுக் கப்பல்களுக்குத் தீ வைக்கச் செய்கிறாள். யூரிப்பிடீஸின் நாடகம் ஒன்றில், ஹேராவின் ஆணைப்படி பைத்தியத்தின் தேவதையை மாவீரன் ஹெராக்ளிஸின் வீட்டுக்குள் அனுப்புகிறாள். அந்தப் பைத்தியத்தில் அவன் தன் பிள்ளைகளையே கொன்றுவிடுகிறான். பைத்தியத்தின் தேவதையே தயங்குகிறாள், ஐரிஸ்தான் விடாமல் அனுப்புகிறாள். படிக்கக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொரு பக்கம், கிரேக்கக் கதைகளில் பெண்களுக்கு நேரும் பல கொடுமைகள் அவளுக்கு நேரவில்லை. கடத்திப்போகப்படவில்லை, மரமாகவோ மாடாகவோ மாறவில்லை. மேற்குக் காற்றான செஃபிரஸோடு சேர்ந்து அவள் காதல் தெய்வமான எரோஸைப் பெற்றாள் என்று அல்கேயஸ் என்ற கவிஞர் பாடியிருக்கிறார், அவ்வளவுதான். பாண்டோரா, கசாண்ட்ரா, நயோபி போன்ற பெயர்களோடு வரும் துயரம் இதில் இல்லை.

தேவர்கள் பொய் சொன்னால் ஐரிஸ் தண்ணீர் கொண்டுவருவாள் என்கிறார்களே?

அதுவும் ஹெசியட் சொன்னது. தேவர்களுக்குள் தகராறு வந்து யாரோ பொய் சொல்கிறார்கள் என்று சந்தேகம் எழுந்தால், ஜீயஸ் ஐரிஸை அனுப்பிப் பொற்குடத்தில் பாதாள நதியான ஸ்டிக்ஸின் குளிர்ந்த நீரை எடுத்துவரச் சொல்வான். அதை ஊற்றிப் பொய்ச்சத்தியம் செய்த தேவர் ஓராண்டு மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பார், அப்புறம் ஒன்பது ஆண்டுகள் மற்றவர்களின் கூட்டத்திலும் விருந்திலும் சேர முடியாது. மழைமேகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது வானவில்தான் என்று ரோமானியக் கவிஞர்களும் பாடினார்கள். எப்படிப் பார்த்தாலும் தண்ணீரோடு அவளுக்கு உறவு விடுவதில்லை.

இது கிறிஸ்தவப் பெயரா?

வேதாகமத்தில் ஐரிஸ் என்ற ஆள் யாரும் கிடையாது. ஆனால் சொல் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 4:3-இல் சிங்காசனத்தைச் சுற்றி வானவில் இருந்தது என்று தமிழில் படிக்கிறோமே, அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ஐரிஸ்தான். 10:1-இல் பலமுள்ள தூதனின் தலைமேல் இருப்பதும் ஐரிஸ்தான். ஆதியாகமத்தில் நோவாவுக்குக் காட்டப்பட்ட வில்லுக்கு மட்டும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 'வில்' என்ற பொதுச்சொல் வருகிறது. ஆக, கிறிஸ்தவக் குடும்பங்கள் தயங்காமல் வைக்கலாம். மற்றவர்களும் வைக்கலாம். இப்போது இது எந்த மதத்தின் தனிச்சொத்தும் இல்லை.

கண்ணிலும் ஐரிஸ் என்கிறார்களே, அது இதுதானா?

இதேதான். கண்ணின் பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம் ஆளுக்கு ஆள் நிறம் மாறுவதால் வானவில்லின் பெயரைப் பெற்றது. நம் பெரும்பாலோருக்கு அது பழுப்பு, மெலனின் நிறைய இருப்பதால். நீலக் கண்ணில் நீலச் சாயம் எதுவும் கிடையாது, ஒளி சிதறுவதால் நீலமாகத் தெரிகிறது. ஆதார் எடுக்கும்போது பத்து விரல் ரேகையோடு இரண்டு கண்களையும் பதிகிறார்களே, கருவிழிப் பதிவு என்று, அங்கே பதிவது ஐரிஸைத்தான். கேமராவில் ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகளுக்கும் இதே பெயர்.

பூவின் பெயரும் அதேதானா?

ஆமாம். பல நிறங்களில் பூப்பதால் கிரேக்கர்களே அந்தச் செடியை ஐரிஸ் என்றார்கள். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் அதன் கிழங்கிலிருந்து வாசனைப் பொருள் செய்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். காய்ந்த அந்தக் கிழங்கு இன்றும் விலையுயர்ந்த அத்தர்களில் சேர்கிறது. காஷ்மீரில் கல்லறைகள் மேல் இந்தப் பூச்செடியை நடுவது வழக்கம். நாம் பாலில் போடும் குங்குமப்பூவும் ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இரிடியம் என்ற உலோகத்துக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. கிரேக்க இலக்கணப்படி ஐரிஸ் வேற்றுமை ஏற்கும்போது 'இரிட்' என்று ஆகும், இரிடியம் அதிலிருந்து வந்தது. 1803-இல் லண்டனில் ஸ்மித்சன் டெனண்ட் என்ற வேதியியலாளர், பிளாட்டினத் தாதுவை அமிலத்தில் கரைத்தபோது அடியில் தங்கிய கறுப்புக் கசடில் இதைக் கண்டுபிடித்தார். இதன் உப்புகள் பல நிறங்களில் இருந்ததால் வானவில்லின் பெயரை வைத்தார். அணு எண் 77. பூமியின் மேலோட்டில் மிக அரிது, விண்கற்களில் அதிகம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் அடுக்கில் இது மிகுந்திருப்பதை வைத்துத்தான், டைனோசர்களின் அழிவுக்கு ஒரு விண்கல் காரணம் என்று லூயிஸ் ஆல்வரெஸும் அவர் மகன் வால்டரும் குழுவினரோடு 1980-இல் முன்வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் மோசடி வழக்குகளில்தான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். இரிடியம் அரிசியை இழுக்காது. கலசம் இடி விழுந்ததால் இரிடியமாக மாறவும் மாறாது. யாராவது இப்படிச் சொல்லி வந்தால் காவல்துறையிடம் சொல்லுங்கள்.

வானத்திலும் ஓர் ஐரிஸ் உண்டா?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களில் 7-ஆவது. 1847 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் ஜான் ரஸல் ஹைண்ட் கண்டுபிடித்தார். குறுக்களவு சுமார் 200 கிலோமீட்டர்.

சிலையோ படமோ பார்க்க முடியுமா?

ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் மேற்கு முகப்பில் இருந்த ஐரிஸ் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். தலை இல்லை, கை இல்லை, முதுகில் சிறகு பொருத்திய துளைகள் மட்டும் மிச்சம். ஆனால் எதிர்க்காற்றில் உடலோடு ஒட்டி மடிப்பு மடிப்பாகப் பறக்கும் அந்தச் சிற்றாடையைப் பார்த்தால், கல் என்பதே மறந்துபோகும். வந்து இறங்கிய அந்தக் கணம் அப்படியே நிற்கிறது.

இந்தப் பெயருள்ள பிரபலமானவர்கள்?

1919-இல் டப்ளினில் பிறந்த ஐரிஸ் மர்டாக் என் மனதில் முதலில் வருபவர். நாவலாசிரியர், 1978-இல் புக்கர் பரிசு பெற்றவர். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்தவர், பிளேட்டோவை ஆழ்ந்து படித்தவர். வியப்பின் மகளுடைய பெயரைத் தாங்கியவர் தத்துவவாதியானார் என்பதைச் சாக்ரடீஸ் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

குழந்தைக்கு முதலில் எந்தக் கதையைச் சொல்லலாம்?

நான் சொன்னது இலியட்டின் 23-ஆம் பாடலில் வருவது. கிரேக்க மாவீரன் அக்கிலிஸின் உயிர் நண்பன் பட்ரோக்ளஸ் இறந்துவிட்டான். சிதை அடுக்கியாயிற்று, தீ பற்றவே மாட்டேன் என்கிறது. அக்கிலிஸ் தனியே நின்று வடகாற்றையும் மேல்காற்றையும் வேண்டுகிறான். அந்த வேண்டுதல் ஐரிஸின் காதில் விழுகிறது. இந்த முறை ஜீயஸ் அவளை அனுப்பவில்லை, ஹேராவும் அனுப்பவில்லை. தானாகவே கிளம்புகிறாள்.

மேல்காற்றின் வீட்டில் காற்றுகள் எல்லாம் விருந்தில் உட்கார்ந்திருக்கின்றன. கல் வாசலில் அவள் வந்து நின்றதும் எல்லாம் எழுந்து, என் பக்கத்தில் உட்கார், என் பக்கத்தில் உட்கார் என்று கூப்பிடுகின்றன. உட்கார நேரமில்லை, எத்தியோப்பியர் நாட்டில் தேவர்களுக்கு விருந்து நடக்கிறது, நானும் போக வேண்டும், ஆனால் அங்கே அக்கிலிஸ் உங்களைக் கூப்பிடுகிறான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். காற்றுகள் மேகங்களை விரட்டிக்கொண்டு கடலைத் தாண்டி ஓடிவருகின்றன. அன்று இரவு முழுவதும் சிதை எரிந்தது.